பாட்டிலின் அடியில் நிற்பது

ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஒரு கட்டி வந்தால் ஹிஸ்டாலஜி லேபில் அதற்குத் தனி மரியாதை உண்டு. வாங்கும்போதே பதிவேட்டில் எண் ஏறும். ஃபார்மலின் மூழ்குமளவு இருக்கிறதா என்று பார்ப்போம். டாக்டர் வந்து அளந்து, வெட்டி, எந்தத் துண்டு எங்கிருந்து எடுத்தது என்று சொல்லிக்கொண்டே போக, ஒருவர் எழுதிக்கொள்வார். அதே நோயாளியின் நெஞ்சிலிருந்தோ வயிற்றிலிருந்தோ எடுத்த நீர் வந்தால் கதை வேறு. காலி சலைன் பாட்டிலில், பிளாஸ்திரியில் பெயர் எழுதி ஒட்டி, வார்டு ஆயா கொண்டுவந்து மேசை ஓரத்தில் வைத்துவிட்டுப் போவார். எண்பதுகளின் கடைசியில் தென் தமிழ்நாட்டின் ஓர் அரசு மருத்துவமனையில் நோய்க்குறியியல் பிரிவில் நான் டெக்னீஷியனாகச் சேர்ந்தபோது நிலைமை இதுதான். பயோகெமிஸ்ட்ரிக்கு ஒரு பங்கு, மைக்ரோபயாலஜிக்கு ஒரு பங்கு போக மிச்சம் எங்களுக்கு வரும். இரண்டு ஸ்மியர் போட்டதும் மீதி சிங்க்கில் போய்விடும்.

அந்த மீதியைப் போகவிடாமல் தடுத்தவர் எங்கள் சீனியர் டெக்னீஷியன். எல்லாரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். புதிதாக வந்த பிள்ளைகள் பாட்டிலைச் சாய்க்கப் போனால் குரல் கொடுப்பார்: "ஊத்திறாதம்மா. அடியில நிக்கிறதத்தான் நாம பாக்கணும்." செல் பிளாக் போடுவதை நான் அவரிடம்தான் கற்றேன். அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை, அதன் பிறகு தனியார் லேபிலும், என் கைக்கு அதிகம் பழகிய வேலை இதுதான்.

அன்றைய முறையில் ரகசியம் எதுவும் கிடையாது. நீரைக் குழாய்களில் ஊற்றி, எதிரெதிர்க் குழாய்களின் எடையைச் சரிபார்த்து, இரண்டாயிரம் சுற்றில் பத்துப் பதினைந்து நிமிடம் சென்ட்ரிஃபியூஜ் ஓட்டுவோம். மேல்நீரைச் சாய்த்துவிட்டு, அடியில் பட்டன் மாதிரி ஒட்டியிருக்கும் வண்டல் கலையாதபடி குழாயின் சுவரோரமாக ஃபார்மலினை விட்டு ராத்திரி முழுக்க வைப்போம். மறுநாள் மெல்லிய ஸ்பாட்டுலாவால் பட்டனைச் சுற்றி நெம்பி எடுத்து, ஃபில்டர் பேப்பரில் மடித்து, உலோகக் கேப்சூலில் போட்டு ஹிஸ்டோகினெட்டில் ஏற்றுவோம். அந்த இயந்திரம் இரவெல்லாம் தானே சுற்றி, ஆல்கஹால், சைலீன், உருகிய மெழுகு என்று ஒவ்வொரு ஜாடியாக இறக்கி ஏற்றும். கரண்ட் போனால் மெழுகு இறுகிவிடும் என்பதால் மழைக்காலத்தில் ராத்திரி டியூட்டிக்காரரிடம் சொல்லிவைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். காலையில் எல் வடிவப் பித்தளைத் துண்டுகள் இரண்டைச் சேர்த்து வைத்து மெழுகு ஊற்றி பிளாக் ஆக்குவோம். கத்தி அந்தக் காலத்தில் கனமான எஃகுக் கத்தி. கல்லில் தீட்டி, தோல்வாரில் இழுத்து, முனையை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, பல் விழவில்லை என்று தெரிந்தபிறகுதான் மைக்ரோடோமில் மாட்ட வேண்டும்.

இதில் கஷ்டமெல்லாம் அந்தப் பட்டனில்தான். சில நீரில் அது கெட்டியாக, ஒரே துண்டாக வரும். பலதில் ஸ்பாட்டுலா பட்டதுமே பொடியாகிவிடும். பொடியில் பாதி பேப்பரிலேயே ஒட்டிக்கொள்ளும். மீதி வெளுத்துப்போய் மெழுகுக்குள் இருக்கும் இடமே தெரியாது. அண்ணன் ஒரு சொட்டு இயோசினை அதன்மேல் விடுவார். மெழுகில் பதிக்கும்போதும் வெட்டும்போதும் இளஞ்சிவப்புப் புள்ளியாகத் தெரியும். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்தச் சொட்டை நான் விட்டதில்லை.

இவ்வளவு பாடு எதற்கு, ஸ்மியர் போதாதா என்று கேட்டவர்கள் உண்டு. எங்கள் பேராசிரியை மேடம் அதற்கு ஒரு வரலாற்றைச் சொல்வார். 1896-லேயே பேரன்பர்க் என்ற அமெரிக்க மருத்துவர் வயிற்றுநீரின் அடிவண்டலைத் திசுவைப் போலப் பதப்படுத்தி, வெட்டிப் பார்த்து, புற்றுநோயைக் கண்டு எழுதியிருக்கிறாராம். ஸ்மியரில் செல்கள் தனித்தனியாகப் பரவிக் கிடக்கும். நெஞ்சையும் வயிற்றையும் உள்ளே மூடியிருக்கும் சவ்வின் செல்கள், அதாவது மீசோதீலியல் செல்கள், நீர் சேர்ந்தாலே எரிச்சல் கண்டு பெருத்துவிடும். கரு பெரிதாகும், கொத்துக் கொத்தாக உதிரும். பார்ப்பதற்குப் புற்றுச்செல் மாதிரியே இருக்கும். காசநோய், கல்லீரல் சுருக்கம், இதயத் தளர்ச்சி உள்ள எல்லாரிடமும் இது நடக்கும். பிளாக்கில் செல்கள் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்பது தெரியும். நடுவில் குழிவுடன் சுரப்பி மாதிரி வளையமா, விரல் மாதிரி நீண்ட மொட்டா, வெறும் கொத்தா என்பதை வைத்து டாக்டர் ஒரு முடிவுக்கு வர முடியும். அதோடு, ஸ்லைடு தீர்ந்துவிட்டால் மறுபடி வெட்டலாம். ஸ்மியரில் அது முடியாது.

எங்கள் பக்கம் இந்தக் குழப்பம் அதிகம். நெஞ்சுநீரோ வயிற்றுநீரோ என்றால் வார்டில் முதலில் நினைப்பது டி.பி.யைத்தான். நினைப்பதிலும் தப்பில்லை, பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். ஒரு தடவை ஐம்பது வயதுக்குச் சற்று மேற்பட்ட அம்மா ஒருவர், வயிறு உப்பி, பசியில்லாமல், எடை குறைந்து வந்திருந்தார். வயிற்று டி.பி. என்று மருந்து ஆரம்பிக்கும் யோசனையில் இருந்தார்கள். ஸ்மியரில் சந்தேகப்படும்படி கொத்துகள் இருந்தன, உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அன்று வார்டிலிருந்து ஒரு லிட்டர் பாட்டில் முழுக்க வந்திருந்தது. அண்ணன் அதை ஃப்ரிட்ஜில் அசையாமல் நிற்கவைத்து, சாயங்காலம் மேல்நீரை ரப்பர் குழாயால் இழுத்து, அடியில் நின்ற கலங்கலை மட்டும் நான்கு குழாயில் ஓட்டி, நான்கு பட்டனையும் ஒன்றாகச் சேர்த்தார். மறுநாளுக்கு மறுநாள் அந்த பிளாக்கை நான் வெட்டும்போது கத்தி அங்கங்கே நறநறத்தது. ரிப்பனில் மெல்லிய கோடுகள் விழுந்தன. "சுண்ணாம்பு இருக்கும்மா, மெதுவா வெட்டு" என்றார் அண்ணன். மைக்ராஸ்கோப்பின் கீழ் விரல்விரலாக மொட்டுகள், அவற்றின் நடுவே வளையம் வளையமாகப் படிந்த சுண்ணாம்பு மணிகள். சினைப்பைப் புற்றுநோய் என்று மேடம் எழுதினார். டி.பி. மருந்து யோசனை நின்றது, அந்த அம்மா அறுவைப் பிரிவுக்குப் போனார். வெறும் இருபது மில்லி வந்திருந்தால் அந்த மொட்டுகள் எங்களுக்குக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான். அதனால்தான் நெஞ்சுநீரோ வயிற்றுநீரோ ஐம்பது மில்லிக்குக் குறையாமல் அனுப்புங்கள், அதிகமானால் இன்னும் நல்லது என்று ஹவுஸ் சர்ஜன்களிடம் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

அவர்களிடம் கேட்கும் இன்னொன்று, வார்டிலேயே ஃபார்மலினையோ ஸ்பிரிட்டையோ ஊற்றிவிடாதீர்கள் என்பது. நீரில் இருக்கும் புரதமே செல்களைக் காப்பாற்றும். உடனே அனுப்ப முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் நான்கு டிகிரியில் வைத்தால் போதும், அடுத்த நாளும் நன்றாகவே இருக்கும். உறையவைத்தால் மட்டும் கெட்டது.

நீரிலேயே ரத்தம் உறைந்து கட்டி விழுந்திருந்தால் பலருக்கு எரிச்சல். குச்சியால் எடுத்து எறிந்துவிட்டு மீதியை ஓட்டுவார்கள். என் கையில் பழகிய பிள்ளைகளை அதை மட்டும் செய்யவிடமாட்டேன். அந்தக் கட்டி உறையும்போது சுற்றியிருந்த செல்களையெல்லாம் இழுத்துக்கொண்டுதான் உறைந்திருக்கும். அதை அப்படியே எடுத்து ஃபார்மலினில் போட்டால், எந்த வேதிப்பொருளும் இல்லாமல் அதுவே ஒரு பிளாக். ரத்தம் உறையாமல் கலந்து வந்தால் வேலை வேறு. சென்ட்ரிஃபியூஜ் ஓட்டியபின் சிவப்பணுக்கள் அடியில் போய்விடும், நமக்கு வேண்டியவை அவற்றின்மேல் பால் ஆடை மாதிரி வெளிறிய மெல்லிய படலமாக நிற்கும். பிப்பெட்டால் அந்தப் படலத்தை மட்டும் உறிஞ்சி எடுக்கத் தெரிந்தவர் பிளாக்கில் செல் இருக்கும். மொத்தத்தையும் சேர்த்துப் போட்டவர் பிளாக்கில் சிவப்பணுக் கடல்தான். படலம் பிரியாத அளவு ரத்தமென்றால் கிளேசியல் அசிட்டிக் அமிலம் சில சொட்டு சிவப்பணுக்களை உடைத்துவிடும். ஆனால் அவசியமிருந்தால் மட்டும்.

பொடியாகும் பட்டனுக்கு நல்ல தீர்வு ரத்த வங்கியிலிருந்து வந்தது. தேதி முடிந்த பிளாஸ்மாவைக் கொஞ்சம் கேட்டு வாங்கி, பட்டனில் இரண்டு மூன்று சொட்டு விட்டு, அதே அளவு த்ராம்பின் சேர்த்தால் இரண்டு நிமிடத்தில் எல்லாம் ஒரு ஜெல்லியாக உறைந்து செல்களைப் பிடித்துக்கொள்ளும். த்ராம்பின் விலை அதிகம், அரசு இன்டென்ட்டில் கிடைக்காது. ஆனால் கிளினிக்கல் பேதாலஜியில் ரத்த உறைவு நேரம் பார்க்கும் பி.டி. ரியேஜென்ட் எப்போதும் இருக்கும். அதில் உள்ள த்ராம்போபிளாஸ்டினும் கால்சியமும் பிளாஸ்மாவை அதே மாதிரி உறையவைக்கும். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை மருத்துவர்களும் இந்த முறையைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். இதைச் செய்யும்போது தெரிந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. பட்டன் ஏற்கெனவே ஃபார்மலினில் ஊறியிருந்தால் பிளாஸ்மா உறையாது. சலைனில் இரண்டு மூன்று தடவை கழுவிவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். ரியேஜென்ட் கெட்டுவிட்டது, பிளாஸ்மா பழசு என்று பலர் புலம்புவது கழுவாத பட்டனால்தான்.

அகாரும் போட்டிருக்கிறோம். அதைச் சூடு ஆறாமல் ஊற்றினால் செல் வெந்துவிடும், ஆறிவிட்டால் சட்டென்று இறுகி நடுவில் காற்று நிற்கும். பிற்பாடு ஹிஸ்டோஜெல் வந்தது, நல்ல பொருள், வசதி உள்ள லேப் வாங்கலாம். செல்லியன்ட் மாதிரி தானியங்கி இயந்திரமும் பார்த்தேன். சில செல்களே இருக்கும் மாதிரிகளில் அது செய்வது பெரிய உதவிதான். ஆனால் இங்கே மாவட்ட மருத்துவமனையில் நல்ல பிளாக் வர இயந்திரம் இல்லாதது தடையில்லை. பிளாஸ்மாவும் பி.டி. ரியேஜென்ட்டும் பொறுமையும் போதும். இதை எத்தனை கூட்டத்தில் வேண்டுமானாலும் சொல்லத் தயார்.

பிறகு ஐ.எச்.சி., அதாவது செல்லில் உள்ள குறிப்பிட்ட புரதத்தை (மார்க்கரை) மட்டும் பிடித்துக் காட்டும் சாயமுறை, வந்தது. அதோடு எங்கள் பிளாக்கின் மதிப்பே மாறிவிட்டது. அதுவரை "மாலிக்னன்ட் செல்கள் உள்ளன" என்று எழுதினால் வேலை முடிந்தது. இப்போது அந்தச் செல் எங்கிருந்து வந்தது என்றும் கேட்டார்கள். கால்ரெட்டினின் பழுப்பாகப் பிடித்தால் மீசோதீலியல் பக்கம், பெர்-இ.பி.4 பிடித்தால் அடினோகார்சினோமா பக்கம், டி.டி.எஃப்-1 கருவில் பிடித்தால் நுரையீரல் என்று டாக்டர்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கேட்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வெட்டு. சாதாரண ஸ்லைடில் அந்த வெட்டுகள் பஃபர் கழுவலில் கழன்று மிதக்கும், சார்ஜ்டு ஸ்லைடு வேண்டும். வார்டில் ஆல்கஹால் ஊற்றி அனுப்பிய பிளாக்குகளில் சில மார்க்கர்கள் ஒழுங்காகப் பிடிக்காது. கன்ட்ரோல் திசு ஃபார்மலினில் பதமானது, நோயாளியின் செல் ஆல்கஹாலில் பதமானது என்றால் இரண்டையும் எப்படி ஒப்பிடுவது? மார்பகப் புற்றில் ஹார்மோன் ரிசப்டர் பார்க்க ஆறு மணி நேரத்துக்குக் குறையாமலும் எழுபத்திரண்டு மணி நேரத்துக்கு மேற்படாமலும் ஃபார்மலினில் இருக்க வேண்டும் என்ற வழிகாட்டுதல் வந்தபோது, ஒவ்வொரு பாட்டிலும் ஃபார்மலினில் விழுந்த நேரத்தைப் பதிவேட்டில் எழுத ஒரு பத்தி போட்டோம். முதலில் முணுமுணுத்தவர்கள் உண்டு. இன்று அந்தப் பத்தி இல்லாத பதிவேடு எனக்கு அரைகுறையாகத் தெரிகிறது.

2004-ல் நுரையீரல் புற்றில் ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணு மாற்றம் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த மாற்றம் உள்ளவர்களுக்கு மாத்திரை கேட்கும் என்று தெரிந்தபிறகு, எங்கள் பிளாக் நேராக நோயாளியின் மருந்துச் சீட்டில் போய் நின்றது. புகையே தொடாத பெண்களிடமும் இந்த மாற்றம் அதிகம் காணப்படும். வயதான ஒரு பாட்டியின் நெஞ்சுநீர் பிளாக் நினைவிருக்கிறது. படுக்கவே முடியாமல் மூச்சு வாங்கியவர், ஊசியை மறுபடி நுரையீரலுக்குள் விடச் சம்மதிக்க முடியாது என்று மகன் சொல்லிவிட்டார். எங்களிடம் இருந்தது அந்த ஒரே பிளாக். வழக்கமான எச் அண்ட் இ சாயத்துக்கு ஒன்று, டி.டி.எஃப்-1, பி40 என்று இரண்டு, இவ்வளவோடு டாக்டர் நிறுத்திக்கொண்டார். அடையாளம் கிடைத்துவிட்டது, மீதியெல்லாம் மாலிக்யூலர் பரிசோதனைக்கு என்றார். அந்த மீதியில் மாற்றம் இருப்பது தெரிந்து பாட்டிக்கு மாத்திரை ஆரம்பித்தார்கள். அடுத்த முறை நீர் எடுக்க வரவேண்டிய நாளில் மகன் மட்டும் ரிப்போர்ட் நகல் வாங்க வந்து, அம்மா நடந்து கோயிலுக்குப் போகிறார் என்றார். அப்படி நிறுத்தத் தெரிந்த டாக்டரோடு வேலை பார்ப்பது பாக்கியம். சிலர் பத்து மார்க்கர் எழுதுவார்கள். பத்தாவதை வெட்டும்போது பிளாக்கில் மெழுகு மட்டும்தான் மிச்சமிருக்கும்.

ஓய்வுக்குப் பிறகு ஒரு தனியார் லேபில் இருந்தபோது, இதய நோயாளி ஒருவரின் நெஞ்சுநீர் பிளாக்கில் குடல் புற்று மாதிரி சுரப்பித் துணுக்கு ஒன்று தென்பட்டது. ரிப்போர்ட் டைப் ஆகியிருந்தது. நல்லவேளையாகக் கையெழுத்துப் போடும் முன் டாக்டர் என்னைக் கூப்பிட்டு ஸ்லைடைக் காட்டினார். துணுக்கு மட்டும் வேறு மட்டத்தில் ஃபோகஸ் ஆனது. சுற்றியிருந்த ஃபைப்ரினில் அது சிக்கியிருக்கவில்லை, மேலே உட்கார்ந்திருந்தது. அதே பிளாக்கை மறுபடி வெட்டினோம், துணுக்கு இல்லை. அன்று காலை அதற்கு முன் வெட்டியது குடல் கட்டி. அதன் துகள் வாட்டர் பாத்தில் மிதந்துகொண்டிருந்து அடுத்த ஸ்லைடில் ஏறியிருக்கிறது. திசு பிளாக்கில் இப்படி ஏறினால் கண்டுபிடித்துவிடலாம், இடம் பொருந்தாது. நீர் பிளாக்கில் எல்லாமே துணுக்குதான், எது யாருடையது என்று கண் ஏமாந்துபோகும். அன்றிலிருந்து அங்கே ஒரு பிளாக் முடிந்து அடுத்ததை எடுக்கும் முன் டிஷ்யூ பேப்பரால் வாட்டர் பாத்தின் மேற்பரப்பை வழித்தெடுப்பது கட்டாயமாயிற்று. நீர் பிளாக்குகளை முதலில் வெட்டி முடித்துவிட்டுக் கட்டிகளுக்குப் போவது என்றும் வைத்துக்கொண்டோம்.

புதியவர்களுக்கு நான் அதிக நேரம் சொல்லித்தருவது வெட்டுவதைப் பற்றித்தான். கட்டி பிளாக்கைச் சமன்படுத்த மேலே இருபது முப்பது மைக்ரான் வழித்தெறிவது பழக்கம். செல் பிளாக்கில் செல்கள் நிற்பது அந்த மேல்தளத்தில்தான், ஏனென்றால் அடியில் படிந்த பட்டனைக் கீழ்முகமாகத்தான் மெழுகில் பதிக்கிறோம். வழிக்கிற கையோடு நோய் குப்பைத் தட்டில் விழுந்துவிடும். "பாப்பா, வழிக்காதே. கத்தி மெழுகைத் தொட்ட நொடியிலிருந்து வர்ற ரிப்பன் எல்லாத்தையும் ஸ்லைடுல ஏத்து" என்பேன். மூன்று மைக்ரானில் முதல் வெட்டு எச் அண்ட் இ-க்கு. பின்னால் வருபவற்றை ஒரே மூச்சில் சார்ஜ்டு ஸ்லைடுகளில் ஏற்றி, வரிசை எண் போட்டு, சாயம் போடாமல் பெட்டியில் வைத்துவிட வேண்டும். பிளாக்கைக் கழற்றி மறுநாள் மாட்டினால் தளம் கோணிவிடும், அதைச் சரிசெய்யவே சில வெட்டுகள் போய்விடும். பி.டி.-எல்.1 என்ற மார்க்கரைப் பார்க்கக் குறைந்தது நூறு உயிருள்ள புற்றுச்செல்லாவது வேண்டும் என்கிறார்கள். கோணல் திருத்தப்போன வெட்டில்தான் அந்த நூறு இருந்திருக்கும்.

இப்போது புதிதாக ஒன்று வந்திருக்கிறது. சென்ட்ரிஃபியூஜ் ஓட்டியபின் நாங்கள் முப்பது வருஷமாகச் சிங்க்கில் ஊற்றிவந்த மேல்நீரில், செத்த புற்றுச்செல்களிலிருந்து கசிந்த டி.என்.ஏ. மிதக்கிறது என்றும், அதிலேயே மரபணு மாற்றத்தைப் பார்க்க முடியும் என்றும் மாலிக்யூலர் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பிளாக்கில் செல் போதாமல் போன நோயாளிக்கு இது பெரிய காரியம். ஆகவே சென்ற வருடம் முதல் நுரையீரல் சந்தேகமுள்ள நீர் வந்தால் பட்டனைப் பிரித்தபின் மேல்நீரில் இரண்டு குழாய் எடுத்து, நோயாளி எண்ணும் தேதியும் எழுதி, ஆழ்குளிர்ப் பெட்டியில் வைக்கச் சொல்கிறேன். இடம் போதவில்லை என்று ஸ்டோரில் முறையிடுகிறார்கள். இன்னொரு பெட்டிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம், வரும்வரை ஹிஸ்டாலஜி ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் ஒரு தட்டை ஒதுக்கியிருக்கிறோம்.